ஆயத்தத் தளபாடமா, அளவெடுத்துச் செய்வதா? – தொழிலிடம் அமைக்கும் பெண்கள் கவனிக்க வேண்டியவை

சொந்தத் தொழில் ஒன்றை ஆரம்பிக்கத் தீர்மானிக்கும் பெண்கள் முதலில் யோசிப்பது முதலீட்டைப் பற்றித்தான். இயந்திரத்துக்கு எவ்வளவு, மூலப்பொருளுக்கு எவ்வளவு, பதிவுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். தொழில் நடக்கப்போகும் அறையைப் பற்றியும், அதற்குள் போடப்போகும் மேசை, கதிரை, அலுமாரி பற்றியும் யோசிப்பது கடைசியில்தான். கையில் மிஞ்சியதற்கு ஏதாவது வாங்கிப் போடலாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் டவுனில் பார்த்த கடையைப் போலவே தங்கள் கடையும் இருக்க வேண்டும் என்று கடன் பட்டுச் செய்கிறார்கள். இரண்டுமே பின்னால் தொல்லை தருபவை.

தையலகமோ, போட்டோக் கொப்பிக் கடையோ, மிளகாய்த்தூள் பொதி செய்யும் இடமோ, மாதர் சங்க அலுவலகமோ எதுவானாலும், அந்த அறையை ஒழுங்கு செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடையில் செய்து வைத்திருப்பதை வாங்கிப் போடுவது. மற்றது, தச்சரை அழைத்து, அறையையும் வேலையையும் காட்டி, அளவெடுத்துச் செய்விப்பது. இவற்றில் எது நல்லது என்று எம்மிடம் பல சகோதரிகள் கேட்பதுண்டு. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்கு இல்லை. ஆனால் தீர்மானிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பணி செய்யும் பட்டிப்பொலப் பிரதேசத்தை வைத்தே இதைப் பார்ப்போம். இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்திருக்கும் இவ்வூர், கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கும் மேலே இருக்கிறது. மரக்கறித் தோட்டமும் பால் பண்ணையும் தேயிலையும் சூழ்ந்த பிரதேசம் இது. ஆண்டில் பல மாதங்கள் பனிமூட்டமும் ஈரமும்தான். 1977, 1981, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறி, அங்கும் யுத்தத்தில் அகப்பட்ட குடும்பங்கள் ஏராளம். அவற்றுள் திரும்பி வந்து மலைநாட்டு லயங்களில் உறவினரோடு ஒண்டியிருப்பவர்களும் உண்டு. இங்கே ஒரு பெண் தொழிலிடம் அமைக்கும்போது சந்திக்கும் பிரச்சினைகள் முல்லைத்தீவிலோ வாகரையிலோ இருக்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் பொதுவானவையே. ஈரத்துக்குப் பதிலாக அங்கே கறையானும் வெயிலும் இருக்கும், அவ்வளவுதான்.

அறை யாருடையது?

மேசையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இது. லய அறை என்பது வெள்ளைக்காரன் காலத்தில் 10 அடிக்கு 12 அடி என்ற கணக்கில் கட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்ந்தாலும் அது தோட்டத்துக்கே சொந்தம். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னரும் இந்த நிலைமை மாறவில்லை. சுவரை உடைக்கவோ முன்பக்கத்தை நீட்டவோ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள் சிலர். கிடைக்காதவர்களே அதிகம்.

வடக்கு கிழக்குச் சகோதரிகளின் நிலையும் இதுபோன்றதுதான். சிலர் அண்ணன் வீட்டு விறாந்தையில் தொழில் செய்கிறார்கள். சிலர் சந்தியில் வாடகைக் கடை எடுத்திருக்கிறார்கள். சிலரிடம் காணி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, ஆனால் அது காணாமற்போன கணவரின் பெயரில் இருக்கிறது.

உறுதி உங்கள் கையில் இல்லாத அறையில் சுவரோடு சேர்த்துப் பொருத்துவது எதுவும் உங்களுடையதாக நிலைக்காது. அறையைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் சுவர் அலுமாரியும், சீமெந்தில் கட்டிய கவுண்டரும், அடித்த பலகைத் தடுப்பும் அறைக்காரருக்கே போய்ச் சேரும். நன்றாகச் செய்து வைத்த பிறகு வாடகை உயர்ந்த கதைகளையும் நாம் கேட்டிருக்கிறோம்.

இதை யுத்தம் கண்ட பெண்களுக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் 2008, 2009 காலப்பகுதியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூரைத் தகரத்தையும் கதவு யன்னல்களையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிச் சென்றன. கழற்ற முடிந்தது கூடவே வந்தது. கழற்ற முடியாதது அங்கேயே கிடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் மலையகத்தில் பல குடும்பங்கள் இருப்பிடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே எந்தத் தளபாடமானாலும், ஆயத்தமோ அளவெடுத்ததோ, ஒரு பரீட்சை வையுங்கள்: இரண்டு பேர் தூக்கி, வாசல் வழியாக வெளியே எடுத்து, ஒரு சிறிய லொறியில் ஒரே நாளில் ஏற்ற முடியுமா? முடியாது என்றால் அதில் பெரிய பணம் போடாதீர்கள்.

ஆயத்தத் தளபாடத்தின் நன்மையும் தீமையும்

கடையில் வாங்குவதில் முதலாவது வசதி, பொருளைக் கண்ணால் பார்த்து, கதிரையானால் இருந்து பார்த்து வாங்கலாம். விலை முன்கூட்டியே தெரியும். அன்றே வீடு வந்து சேரும். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கிடைக்கும். தொழில் சரிவராவிட்டால் பாதி விலைக்காவது விற்கலாம், ஏனென்றால் பொது அளவில் செய்யப்பட்ட மேசை யாருக்கும் பயன்படும். ஒருவருடைய அறைக்கென்று செய்த கோண மேசையை இன்னொருவர் வாங்கமாட்டார்.

தீமைகளைப் பார்ப்போம். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மேசை, றாக்கை, கவுண்டர் பெரும்பாலானவை மரத்தூளையும் மரச்சீவலையும் பசையிட்டு அழுத்திச் செய்த பலகைகள். மேலே மெலமைன் தாள் ஒட்டி மரம் போலவே பளபளக்கும். உலர்ந்த அறையில் பத்து வருடம் உழைக்கும். ஆனால் நீர் பட்டால் ஊதும். ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்கு வராது, ஆணியும் பிடிக்காது. பட்டிப்பொல போன்ற இடத்தில் தரையிலிருந்தே ஈரம் ஏறுகிறது. இங்கே ஒரு சகோதரி தையல் கடைக்கென்று தவணை முறையில் வாங்கிய கவுண்டரின் அடிப்பகுதி இரண்டாவது மழைக்காலத்திலேயே பாண் போல ஊதிப்போயிற்று. தவணை முடிய இன்னும் மாதங்கள் இருந்தன.

எனவே இத்தகைய பலகையில் செய்த பொருளை வாங்குவதென்றால் குனிந்து அடியைப் பாருங்கள். மேலே மட்டும் ஒட்டிவிட்டு அடி விளிம்பை வெறுமையாக விட்டிருந்தால் ஈரம் அவ்வழியே ஏறும். வெறும் விளிம்புக்கு வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசுங்கள். கால்களுக்கு இறப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி போட்டுத் தரையிலிருந்து உயர்த்துங்கள். சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது விலக்கிப் போடுங்கள், காற்று ஓடட்டும். இரும்பு அலுமாரியில் ஊதும் பிரச்சினை இல்லை. ஆனால் துருப்பிடிக்கும், ஆகவே கீறல் விழுந்த இடத்துக்கு உடனே பெயின்ட் பூச வேண்டும். வன்னி, மட்டக்களப்புப் பக்கம் கறையான் தொல்லைக்கு இரும்புதான் நல்ல பதில்.

இரண்டாவது குறை அளவு. கடையில் விற்கும் அலுவலக மேசையின் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம். எழுதுவதற்கு அது பொருந்தும். நின்று துணி வெட்டுவதற்கு அது தாழ்வு. நம்மில் உயரம் குறைந்தவர்களுக்கு அதற்கேற்ற கதிரையில் இருந்தால் கால் தரையில் படாது. நாள் முழுவதும் கால் தொங்கினால் தொடையும் இடுப்பும் மரத்துப்போகும்.

அளவெடுத்துச் செய்விப்பதன் நன்மையும் தீமையும்

தச்சரிடம் செய்வித்தால் அறையின் ஒவ்வோர் அங்குலமும் பயன்படும். உங்கள் உயரத்துக்கும் வேலைக்கும் ஏற்றபடி மேசை அமையும். மரத்தை நீங்களே தெரிவு செய்யலாம். மலைநாட்டில் சப்பு, டர்பன்டைன், கிராண்டிஸ் பலகைகள் கிடைக்கும். வன்னியில் முதிரையும் பாலையும், யாழ்ப்பாணத்தில் வேம்பும் பனையும் தெரிந்த மரங்கள். கால் ஆடினால் அதே தச்சர் வந்து திருத்துவார். உங்கள் பணமும் ஊருக்குள்ளேயே சுழலும்.

ஆனால் இந்த வழியில் ஏமாற்றங்களும் அதிகம். முற்பணத்தை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பது, சொன்ன மரத்துக்குப் பதில் வேறு மரம் போடுவது, ஈரப்பலகையில் செய்து கொடுப்பது என்பவை அடிக்கடி கேட்கும் முறைப்பாடுகள். இவற்றில் ஈரப்பலகை பெரிய வில்லங்கம். ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை காற்றில் உலர ஏறத்தாழ ஒரு வருடம் வேண்டும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. காயாத பலகையில் செய்த லாச்சி முதல் மாதம் நன்றாக ஓடும், பிறகு கோணி இறுகிவிடும். மலைநாட்டு ஈரத்தில் செய்த மேசையைக் கிளிநொச்சி வெயிலுக்குக் கொண்டுபோனால் வெடிக்கவும் கூடும். பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்தது பாரம் குறைவு, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பச்சை மரம் பாரமாகவும் மந்த ஒலியுடனும் இருக்கும்.

வளவில் நிற்கும் மரத்தையே வெட்டிச் செய்விக்கலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு குறிப்பு. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மரத்தைக் கொண்டு செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். வெட்டும் முன் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து விடுங்கள். வழியில் பொலிஸ் மறித்தால் வீண் அலைச்சல் உங்களுக்குத்தான்.

உடம்பை அளந்த பிறகே அறையை அளக்க வேண்டும்

1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென ஒரு சமையலறை வடிவமைக்கப்பட்டது. வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். ஒரு பெண் அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அலுமாரிக்கும் இடையே எத்தனை எட்டு வைக்கிறாள் என்று கணக்கெடுத்து, நடையைக் குறைக்கும்படி ஏறத்தாழ ஆறேகால் அடி அகலமும் பதினோரு அடி நீளமும் கொண்ட சிறிய அறைக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. பின்னாளில் நாசிகளை எதிர்த்து இயங்கியதற்காக 1941 முதல் 1945 வரை சிறையில் இருந்தவர் அவர். யுத்தமும் சிறையும் கண்ட ஒரு பெண் என்பதால் நமக்கு அந்நியமானவர் அல்லர்.

அவருடைய வேலையில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. தளபாடத்தை வாங்கும் முன்னர் அவர் செய்ததைப் போல எட்டுகளை எண்ணுங்கள். தையல் வேலையானால் வெட்டும் இடம், தைக்கும் இடம், அயன் பண்ணும் இடம், தைத்ததைத் தொங்கவிடும் இடம், வாடிக்கையாளர் நிற்கும் இடம் என்று ஐந்து உண்டு. அந்த ஒழுங்கிலேயே வேலை ஒரு பக்கமாக ஓட வேண்டும். வெற்று அறையின் தரையில் சோக்கட்டியால் மேசை, இயந்திரம், அலுமாரி என்று கோடு போடுங்கள். அல்லது பழைய பத்திரிகைகளை அந்த அளவுக்கு விரித்து வையுங்கள். ஒருநாள் அந்தக் கோடுகளுக்கிடையே நடந்து பாருங்கள். நடப்பதற்கு 30 அங்குலமாவது வழி விட வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறையில் எதற்கு இடமில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். இதற்கு ஒரு ரூபாவும் செலவில்லை.

அடுத்தது உயரம். நின்று செய்யும் வேலைக்கு மேசையின் மேற்பரப்பு உங்கள் முழங்கையை விட இரண்டு முதல் நான்கு அங்குலம் தாழ்வாக இருந்தால் முதுகு நோகாது. செருப்போடு நின்று, முழங்கையை மடித்து, தரையிலிருந்து அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இருந்து செய்யும் வேலைக்குப் பாதம் முழுதாகத் தரையில் படும் உயரத்தில் கதிரை வேண்டும்.

யுத்தத்தில் அங்கம் இழந்த சகோதரிகளுக்கு இந்த அளவுகள் இன்னும் முக்கியமானவை. சக்கர நாற்காலியில் இருந்து வேலை செய்பவருக்கு மேசையின் கீழே 27 அங்குல உயரமும் 30 அங்குல அகலமும் வெற்றிடமாக இருக்க வேண்டும். வாசல் 32 அங்குலமாவது வேண்டும். கடை மேசைகளில் நடுவில் லாச்சியும் கீழே குறுக்குச் சட்டமும் இருப்பதால் முழங்கால் உள்ளே போகாது. செயற்கைக் கால் பொருத்தியவர் எழுந்து இருக்கும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியுள்ள உறுதியான கதிரை வேண்டும், சில்லுப் பூட்டிய கதிரை ஆபத்தானது. ஒரு கையால் வேலை செய்பவருக்கு லாச்சிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதே வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு அளவெடுத்துச் செய்விப்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. வாழ்வாதார உதவியாக மேசை வழங்கும் நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே மேசையைக் கொடுக்க முன்வந்தால், உங்கள் அளவை எழுதிக் கொடுத்து அதன்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியாவில் குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் ஏராளம். மரத்துக்கும் பெருந்தட்டுப்பாடு. 1942இல் அந்நாட்டு அரசாங்கம் ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தது. மேசை, கதிரை, அலுமாரி, கட்டில் என்று தேவையானவற்றுக்கு மட்டும் வீண் அலங்காரமில்லாத, உறுதியான வடிவங்கள் தீர்மானிக்கப்பட்டன. 1943இல் அவை படங்களுடன் நூலாக வெளிவந்தன. நாட்டின் பல பாகங்களிலும் இருந்த தளபாடம் செய்வோர் அதே வடிவத்தை அதே தரத்தில் செய்தார்கள். வீடிழந்தவர்களுக்கும் புதிதாகத் திருமணமானவர்களுக்கும் அனுமதிச் சீட்டுக்கு அவை வழங்கப்பட்டன. 1952 வரை இத்திட்டம் நீடித்தது.

வடிவம் பொதுவானது, செய்பவர் அருகிலிருப்பவர் என்ற இந்த முறையை நமது சங்கங்களும் பின்பற்றலாம். ஐந்து பெண்கள் ஐந்து தச்சர்களிடம் ஐந்து விதமாகக் கேட்பதற்குப் பதிலாக, மாதர் சங்கத்தில் கூடிப்பேசி ஒரே மாதிரி மேசையைத் தீர்மானியுங்கள். உயரத்தை மட்டும் அவரவர் அளவுக்கு மாற்றலாம். பலகையை மொத்தமாக வாங்கலாம். தச்சருக்கும் ஒரே வேலை திரும்பத் திரும்பச் செய்வதால் கூலி குறையும். முதல் மேசையைச் செய்வித்து ஒருவர் இரண்டு வாரம் பாவித்துப் பார்த்து, குறையைத் திருத்தி, பிறகு மற்ற நான்கையும் செய்விப்பது இன்னும் நல்லது. விற்க வேண்டி வந்தாலும் சங்கத்துக்குள்ளேயே இன்னொருவர் வாங்குவார்.

மேசை கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தச்சரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கால்களை ஆணியால் அடிக்காமல் போல்ட், நட் போட்டு இறுக்கலாம். வெட்டும் மேசையென்றால் இரண்டு தனித் தாங்கிகளும் அவற்றின் மேல் வைக்கும் ஒரு பலகையுமே போதும். இரவில் பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டால் அதே அறையில் பிள்ளைகள் படுக்கலாம். லய அறையில் தொழில் செய்யும் ஒரு தாய் இப்படியொன்றைச் செய்வித்திருந்தார். அறையைக் காலி செய்யச் சொன்னபோது ஒரு முற்பகலிலேயே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, மறுநாள் வேலையைத் தொடங்கிவிட்டார்.

இந்த விடயத்தில் தையல் இயந்திரமே நமக்கு நல்ல உதாரணம். சிங்கர் இயந்திரம் 1877இல் இலங்கைக்கு வந்தது. காலால் மிதிக்கும் பழைய இயந்திரம் தன் மேசையையும் லாச்சியையும் தன்னோடே கொண்டிருந்தது. சுவரில் ஒட்டாமல் தனியாக நின்றது. அதனால்தான் அம்மம்மா வாங்கிய இயந்திரம் எத்தனையோ வீடு மாறியும் பேத்தி வரை உழைத்தது.

கடனுக்கு அலங்காரம் வேண்டாம்

அந்தச் சிங்கர் கம்பனிதான் 1856இல் அமெரிக்காவில் தவணை முறையில் இயந்திரம் விற்கத் தொடங்கிய முன்னோடி. தவணை முறை ஏழைப் பெண்களின் கைக்கு இயந்திரத்தைக் கொண்டு வந்தது உண்மை. ஆனால் வாடகைக் கொள்வனவு முறையில் கடைசித் தவணை கட்டும் வரை பொருள் கம்பனிக்கே சொந்தம் என்பதை மறக்கக்கூடாது. இயந்திரம் தவணைப் பணத்தைத் தானே உழைத்துத் தரும். பளபளக்கும் கவுண்டர் உழைத்துத் தராது.

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். அறையை அலங்கரிக்க 60,000 ரூபா கடன் எடுக்கிறீர்கள். வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி என்கிறார்கள். முழுத் தொகைக்கும் வட்டி போட்டால் 14,400 ரூபா. மொத்தம் 74,400 ரூபாவை 12 மாதத்தில் கட்ட மாதம் 6,200 ரூபா. மாதா மாதம் முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறையாததால் உண்மையான வட்டி நூற்றுக்கு 40ஐத் தாண்டிவிடும். ஒரு சட்டை தைத்தால் எல்லாச் செலவும் போக 400 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்தால், மாதத்தில் 16 சட்டைகளை அந்தக் கவுண்டருக்காகவே தைக்க வேண்டும். பிள்ளைகளின் வயிற்றுக்கு அதற்குப் பிறகு தைப்பதுதான்.

நுண்கடனில் சிக்கிய பெண்களின் நிலைமை நாடறிந்தது. அரசாங்கம் 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது, அதே வருட இறுதியில் மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு நூற்றுக்கு 35 என்ற உச்ச வரம்பை விதித்தது என்றால் பிரச்சினை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை ஊகிக்கலாம். 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இறக்குமதிப் பலகை, கீல், பூட்டு எல்லாமே விலையேறின. அந்த நேரத்தில் அரைகுறையாக நின்றுபோன கடைகளும் உண்டு.

இதைத் தவிர்க்க, படிப்படியாகச் செய்வதே ஒரே வழி. தொழில் நடக்க இன்றியமையாத ஒரு மேசை, ஒரு கதிரை, பூட்டக்கூடிய ஓர் அலுமாரி என்று மூன்றோடு தொடங்குங்கள். மூன்று மாதம் வேலை செய்த பிறகு எது குறைகிறது என்று அந்த அறையே சொல்லும். பாவித்த தளபாடங்களையும் இழிவாக நினைக்காதீர்கள். பழைய மரக் கதிரைக்குப் புதிய பிரம்பு பின்னினால் புதிய பிளாஸ்டிக் கதிரையை விடக் கூடுதல் காலம் இருக்கும்.

எழுத்தில் இருக்கட்டும்

தச்சரை எவ்வளவு காலமாகத் தெரிந்திருந்தாலும் பேசியதை ஒரு தாளில் எழுதுவது சண்டைக்கு வழியல்ல, சண்டையைத் தவிர்க்கும் வழி. அதில் இவை இருக்கட்டும்: சிறு படம், நீளம், அகலம், உயரம், மரத்தின் பெயர், பலகையின் தடிப்பு, பூட்டு, கீல் யார் வாங்குவது, கொண்டுவரும் கூலி யாருடையது, முடிக்கும் திகதி, மொத்தத் தொகை. பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். பலகை வாங்க ஒரு பங்கு, பாதி வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு பங்கு, வீட்டில் வைத்து ஆட்டிப் பார்த்த பிறகு மிகுதி. ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வாங்குங்கள். தச்சர் சிங்களம் மட்டும் தெரிந்தவரானால் இரண்டு மொழியிலும் எழுதி, இரண்டும் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது பற்றுச்சீட்டில் பொருளின் பெயரும் திகதியும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உத்தரவாத அட்டை உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்திடும் முன் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். பழுதான பொருளை மாற்றித்தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

தனியாக இருக்கும் பெண்ணின் பாதுகாப்பு

இதைத் தளபாடக் கடைக்காரரும் சொல்லமாட்டார், தச்சரும் சொல்லமாட்டார். நாள் முழுவதும் தனியாக இருந்து தொழில் செய்யும் பெண், வாசலுக்கு முதுகு காட்டி இருக்கும்படி மேசையைப் போடக்கூடாது. வருபவரை முதலில் நீங்கள் காண வேண்டும். உங்களுக்கும் வாசலுக்கும் இடையே கவுண்டர் இருப்பது நல்லது, ஆனால் அந்தக் கவுண்டர் உங்களை உள்ளே அடைத்து வைப்பதாக இருக்கக்கூடாது. பக்கத்தால் வெளியேறும் வழி வேண்டும். உயரமான பலகைத் தடுப்பு அடித்து அறையின் பாதியை மறைக்காதீர்கள். அளவு பார்க்கும் மறைவுக்கு ஒரு திரைச்சீலை போதும். அந்தத் திரையின் கொக்கியும் உள்ளிருப்பவரின் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும்.

சங்க அலுவலகமானால் பூட்டுள்ள ஒரு லாச்சி கட்டாயம். உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்கு மட்டுமல்ல, காணாமற்போனோர் பற்றிய விண்ணப்பங்களும் குடும்ப வன்முறை பற்றிய கடிதங்களும் அங்கேதான் இருக்கும். அவை மேசை மேல் கிடந்தால் ஊரே வாசிக்கும். கவலையோடு வரும் பெண்ணை மேசைக்கு எதிரே இருத்தி விசாரணை செய்வது போலப் பேசாமல், பக்கவாட்டில் இருத்திப் பேச இரண்டு சாதாரணக் கதிரைகள் போதும்.

திறப்பு விழாவா, தொழிலா?

பெண்களுக்கான தொழில் நிலையங்கள் பல இடங்களில் நாடா வெட்டித் திறக்கப்பட்டிருக்கின்றன. சுவர் நீளத்துக்கு அலுமாரி, கண்ணாடி கவுண்டர், பெரிய பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் போனால் சில இடங்களில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே வேலை செய்யப்போகும் பெண்களிடம் யாரும் அளவு கேட்டிருக்கவில்லை. ஓர் அலுவலகம் எப்படித் தோன்ற வேண்டும் என்ற எண்ணம் நகரத்திலிருந்து வருவது. நம்முடைய வாடிக்கையாளர் தோட்டத்திலிருந்தும் கிராமத்திலிருந்தும் வருபவர். சுத்தமான தரை, வெளிச்சம், இருக்க ஒரு கதிரை, சொன்ன திகதிக்குச் சட்டை. அவர் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

சுருக்கமாகச் சொன்னால், கதிரை, அலுமாரி, கோப்பு வைக்கும் றாக்கை போன்று எவருக்கும் பொருந்துபவற்றை ஆயத்தமாக, முடிந்தால் பாவித்ததாக வாங்குங்கள். உங்கள் உடம்பும் வேலையும் நாள் முழுவதும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு மேசையை மட்டும் அளவெடுத்துச் செய்வியுங்கள். உறுதி உங்கள் பெயரில் வரும் வரை சுவரில் எதையும் கட்டாதீர்கள். கடன் எடுப்பதென்றால் உழைத்துத் தரும் பொருளுக்கு மட்டும் எடுங்கள்.

வீட்டையும் வளவையும் விட்டுவிட்டு வந்து, மறுபடியும் ஓர் அறையில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு அந்த மேசை வெறும் பலகை அல்ல. அது அவளுடையதாக இருக்க வேண்டும். அவள் எங்கே போனாலும் கூடவே போகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஓர் அளவுநாடாவையும் ஒரு சோக்கட்டியையும் எடுத்துச் செல்லுங்கள், சகோதரிகளே. ஒருவர் உயரத்தை ஒருவர் அளந்து எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.